புரொசீஜர் எழுதியதை ஹைபர்நேட் அழித்த கதை

ஓஆர்எம் வழியாக ஸ்டோர்ட் புரொசீஜரை எப்படிக் கூப்பிடுவது என்று தேடினால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். ஐந்தாறு வரி கோடு. எடுத்து ஒட்டினால் ஓடும். எனக்கும் ஓடியது. அந்த ஐந்தாறு வரிகள் ஒரு அம்மா கட்டிய தவணைப் பணத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டன என்பது ஏழு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது. அதனால் இந்தக் குறிப்பில், கூப்பிடுவது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கூப்பிட்ட பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

நடந்தது ஒரு சிறிய வாகனக் கடன் நிறுவனத்துக்காக நாங்கள் செய்த மென்பொருளில். பெயர் வேண்டாம். கோடு நான் எழுதியது.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களும் இங்கே வந்து படிக்கிறார்கள் என்பதால் இரண்டு சொற்களை முதலில் பார்த்துவிடலாம். ஸ்டோர்ட் புரொசீஜர் என்பது டேட்டாபேஸுக்குள்ளேயே குடியிருக்கும் நிரல். வெளியிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், கணக்குப் போடுவது, டேபிள்களை மாற்றுவது எல்லாம் உள்ளேயே நடந்து முடிந்துவிடும். சைபேஸ் 1987லேயே இதைக் கொண்டுவந்தது. ஆரக்கிளில் 1992ல் வந்த 7ஆம் வெர்ஷனோடு வந்தது. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட பல வங்கி, காப்பீட்டு மென்பொருள்களின் மூளையே புரொசீஜர்களில்தான் இருந்தது.

ஓஆர்எம் இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. டேபிளில் இருக்கும் ஒரு ரெக்கார்டை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றிக் கையில் கொடுக்கும். நாம் ஆப்ஜெக்டை மாற்றினால் போதும், எஸ்கியூஎல் எழுதி டேட்டாபேஸில் போடுவது அதன் வேலை. ஜாவா உலகில் கேவின் கிங் 2001ல் தொடங்கிய ஹைபர்நேட்தான் இதில் பெரிய பெயர். அதைப் பார்த்துத்தான் 2006ல் ஜேபிஏ என்ற பொது விதிமுறை வந்தது. அந்த விதிமுறையில் புரொசீஜரைக் கூப்பிட முறையான வழியே கிடையாது. 2013ல் 2.1 வெர்ஷன் வந்தபோதுதான் அதற்கென்று ஒரு வகை சேர்த்தார்கள். அதுவரை ஹைபர்நேட்டுக்கே உரிய குறுக்கு வழிகளிலோ, நேராக ஜேடிபிசிக்குள் இறங்கியோதான் வேலை நடந்தது. மறந்துபோய் விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. டேபிள்களை மாற்றுவது நான் மட்டும்தான் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட வீடு ஓஆர்எம். புரொசீஜர் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவி வைத்திருப்பவர்.

கூப்பிடும் முறை எளிதுதான். புரொசீஜரின் பெயரைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பாராமீட்டரும் என்ன வகை, உள்ளே போவதா, வெளியே வருவதா, இரண்டுமா என்று பதிவு செய்ய வேண்டும். மதிப்புகளை வைத்து, எக்ஸிக்யூட் சொல்லி, வெளியே வரும் பாராமீட்டரின் மதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆரக்கிளில் ஒரு பட்டியலையே திருப்பித் தருகிற புரொசீஜர் என்றால் ரெஃப் கர்சர் என்று பதிவு செய்ய வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் புரொசீஜரின் முதல் வரியாக நோகவுண்ட் ஆன் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் எத்தனை ரெக்கார்டு மாறியது என்ற எண்ணிக்கையே முதல் பதிலாக வந்து நிற்கும், நாம் எதிர்பார்த்த பட்டியல் எங்கே என்று தேடிக்கொண்டிருப்போம். கூப்பிடுவதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஒரே நிலுவை, இரண்டு ரசீது

அந்த நிறுவனத்தில் தவணையை வரவு வைக்க ஒரு புரொசீஜர் இருந்தது. பன்னிரண்டு வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. கடன் எண்ணையும் தொகையையும் கொடுத்தால், கட்டிய பணத்தில் அபராத வட்டி எவ்வளவு, வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று பிரிக்கும். பேரேட்டு டேபிளில் வரவு எழுதும். தவணை அட்டவணை டேபிளில் இந்த மாதத்துத் தவணை கட்டியாயிற்று என்று குறிக்கும். கடன் டேபிளில் நிலுவையைக் குறைக்கும். கடைசியாக ரசீது எண்ணையும் புது நிலுவையையும் வெளியே தரும். எழுதியவர் எங்கள் டேட்டாபேஸ் சார். எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

பழைய திரைகளைத் தூக்கிவிட்டுப் புதிதாக வெப் திரை செய்யச் சொன்னார்கள். புரொசீஜரைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை, ஏனென்றால் சில கிளைகளில் பழைய திரையும் அதையேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நியாயமான நிபந்தனை. நான் ஹைபர்நேட் வழியாகக் கூப்பிட்டேன். எல்லாம் சரியாக ஓடியது. கவுன்ட்டரில் இருப்பவர்களுக்குத் திரை பிடித்திருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கிளையிலிருந்து போன். லோடு ஆட்டோவுக்குக் கடன் வாங்கிய ஒரு அம்மா கடனை முன்கூட்டியே முடித்துவிட்டு என்ஓசி வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார். அவர் எண்ணி எடுத்து வந்த தொகைக்கும் திரை கேட்கும் தொகைக்கும் ஏறத்தாழ 3,640 ரூபாய் வித்தியாசம். கம்ப்யூட்டர் சொல்வதுதான் கணக்கு என்று கவுன்ட்டரில் சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது முறை எல்லா ரசீதையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்து, அதிலிருந்து இரண்டை உருவி மேஜையில் வைத்தாராம்.

"தம்பி, இது போன மாசம் கட்டினது இல்ல, ஆடியில கட்டினது. இது ஆவணில கட்டினது. ரெண்டுலயும் நாலாயிரம் கட்டியிருக்கேன். ரெண்டு சீட்டுலயும் பாக்கி ஒரே தொகை. அது எப்படி?"

கிளை மேலாளர் இரண்டு ரசீதையும் படம் எடுத்து அனுப்பினார். அந்த அம்மா சொன்னது சரி. இரண்டிலும் கட்டியது 4,000, வட்டி 720, அசல் 3,280, நிலுவை 44,720. தேதி மட்டும் ஒரு மாதம் தள்ளி.

மாதம் ஒன்றரை சதவீத வட்டி. ஆடியில் கட்டுவதற்கு முன் நிலுவை 48,000. அதற்கு வட்டி 720, மீதி 3,280 அசலில் கழியும், நிலுவை 44,720. இதுவரை சரி. ஆவணியில் வட்டி 44,720க்குப் போட்டிருக்க வேண்டும், அதாவது 670 ரூபாய் 80 பைசா. மறுபடி 720 போட்டிருக்கிறது என்றால், ஆவணியில் புரொசீஜர் உள்ளே போனபோது டேபிளில் நிலுவை 48,000 என்று இருந்திருக்கிறது. ஆடியில் குறைத்தது எங்கே போனது?

முதல் நாள் நானும் டேட்டாபேஸ் சாரும் ஒருவர் மேல் ஒருவர் சொல்லிக்கொண்டதில் கழிந்தது. "என் புரொசீஜர் பன்னெண்டு வருஷமா ஓடுது தம்பி. பேரேட்டைப் பாருங்க, 3,280 வரவு விழுந்திருக்கு. வரவு விழுந்தா நிலுவை குறைஞ்சுதான் ஆகணும், ரெண்டும் ஒரே இடத்துல அடுத்தடுத்த வரி" என்றார் அவர். "நான் நிலுவையைத் தொடவே இல்ல சார். என் கோட்ல அந்த ஃபீல்டுக்கு செட்டர் கூடக் கூப்பிடலை" என்றேன் நான். இரண்டு பேரும் சொன்னது உண்மை.

மூன்று இடத்தில் பார்த்தேன், மூன்றும் 48,000

இரண்டாம் நாள் என் கம்ப்யூட்டரில் அதே கடனை வைத்து ஓட்டிப் பார்த்தேன். புரொசீஜரைக் கூப்பிட்ட அடுத்த வரியில் நிறுத்தினேன். வெளியே வந்த பாராமீட்டர் 44,720 என்றது. கையில் இருந்த கடன் ஆப்ஜெக்ட் 48,000 என்றது. சரி, ஆப்ஜெக்ட் பழசு, மறுபடி டேட்டாபேஸிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு க்வெரி எழுதி ஓட்டினேன். லாகில் செலக்ட் ஓடியது நன்றாகத் தெரிந்தது. பதில் 48,000. நிஜமாகவே டேட்டாபேஸில் மாறவில்லையோ என்று இன்னொரு ஜன்னலில் ஆரக்கிளைத் திறந்து நேராகப் பார்த்தேன். அங்கேயும் 48,000.

மூன்று சாட்சி ஒரே மாதிரி சொன்னால் யாராக இருந்தாலும் நம்பிவிடுவார்கள். புரொசீஜரில்தான் தப்பு என்று சாருக்கு மெயில் கூட எழுதத் தொடங்கிவிட்டேன். உண்மையில் மூன்றும் மூன்று வேறு காரணத்துக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தன.

மூன்றாவதிலிருந்து வருகிறேன், அது எளிது. இன்னொரு ஜன்னல் என்பது இன்னொரு கனெக்ஷன். என் டிரான்ஸாக்ஷன் இன்னும் கமிட் ஆகவில்லை. கமிட் ஆகாத மாற்றத்தை ஆரக்கிள் அடுத்தவர் கண்ணில் காட்டாது. அது பழையதைக் காட்டியது முறைதான், நான்தான் தப்பான இடத்தில் நின்று பார்த்தேன்.

முதல் சாட்சி, கையில் இருந்த ஆப்ஜெக்ட். புரொசீஜர் மாற்றியது டேட்டாபேஸில் இருக்கும் ரெக்கார்டை. ஜாவாவின் நினைவில் இருப்பது அதன் நகல். புரொசீஜருக்குள் என்ன நடந்தது என்பது ஹைபர்நேட்டுக்குத் தெரிய வழியே இல்லை. அதைப் பொறுத்தவரை ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, இரண்டு மதிப்பு திரும்பி வந்தது, அவ்வளவுதான். எந்த டேபிள் மாறியது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

இரண்டாவதுதான் என்னை முழுதாக ஏமாற்றியது. ஹைபர்நேட் ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கும். இந்த எண் கொண்ட கடன் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறதா என்று அதில் பார்க்கும். ஒரே ரெக்கார்டுக்கு ஒரே செஷனில் இரண்டு ஆப்ஜெக்ட் இருக்கக்கூடாது என்பது அதன் விதி. நான் க்வெரி ஓட்டியபோது எஸ்கியூஎல் நிஜமாகவே டேட்டாபேஸுக்குப் போனது. 44,720 என்ற புது மதிப்போடு ரெக்கார்டு திரும்பியும் வந்தது. ஆனால் அந்த எண் பட்டியலில் இருப்பதைப் பார்த்த ஹைபர்நேட், வந்த புது மதிப்பைக் கீழே போட்டுவிட்டு, தன்னிடம் இருந்த பழைய ஆப்ஜெக்டையே எடுத்துக் கொடுத்தது. போன தபால்காரர் புதுக் கடிதத்தோடு வந்தார், வாசலில் அதை வாங்கி வைத்துவிட்டு நேற்றைய கடிதத்தை நம்மிடம் நீட்டுகிறார்கள்.

இது பிழை இல்லை. நீங்கள் ஆப்ஜெக்டில் ஏதாவது மாற்றி இன்னும் சேமிக்காமல் இருந்தால், நடுவில் ஓடும் ஒரு க்வெரி அந்த மாற்றத்தை மிதித்துவிடக் கூடாது அல்லவா? அதற்காகச் செய்த ஏற்பாடு. ஓஆர்எம் மட்டுமே டேபிளைத் தொடும் வீட்டில் இது நல்ல ஏற்பாடு.

கடைசியில் அதே கனெக்ஷனை எடுத்து, ஹைபர்நேட்டை ஓரம் கட்டிவிட்டு, வெறும் ஜேடிபிசியில் செலக்ட் ஓட்டினேன். 44,720. மெயிலை அழித்தேன்.

போன் நம்பர்தான் எமன்

சரி, நகல் பழசாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், டேட்டாபேஸில் சரியாகத்தானே இருக்கிறது? ரசீதில் அச்சாகும் நிலுவை கூட வெளியே வந்த பாராமீட்டரிலிருந்து வருகிறது, அதுவும் சரி. பிறகு எப்படி 48,000 மறுபடி டேபிளுக்குள் ஏறியது? எல்லாக் கடனிலும் இப்படி ஆகவில்லை என்பது வேறு குழப்பம். அந்த அம்மாவின் கணக்கிலேயே ஆடியில் மட்டும்தான் நடந்திருக்கிறது.

என் கோடைத் திரும்பத் திரும்பப் படித்தபோது புரொசீஜரைக் கூப்பிட்டதற்குக் கீழே ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. கவுன்ட்டரில் பணம் கட்டும்போது, போன் நம்பர் மாறியிருந்தால் அதையும் அதே திரையில் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு வசதி. நான்தான் போட்டேன், யாரும் கேட்கக்கூட இல்லை. தொடர்பு எண் கடன் டேபிளிலேயே ஒரு ஃபீல்டு. புரொசீஜர் முடிந்ததும் கடன் ஆப்ஜெக்டில் புது எண்ணை வைத்துவிட்டு கமிட்.

கமிட் ஆகும் நேரத்தில் ஹைபர்நேட் தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டையும், அதை எடுத்தபோது பிடித்து வைத்த படத்தோடு ஒப்பிடும். ஏதாவது ஒரு ஃபீல்டு மாறியிருந்தால் அப்டேட் எழுதும். மாறிய ஃபீல்டை மட்டும் எழுதும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. இயல்பாக விட்டால் எல்லா ஃபீல்டையும் எழுதும். அப்டேட் வாக்கியத்தை ஒரே ஒரு தடவை, தொடங்கும்போதே, தயாரித்து வைத்துக்கொண்டு எப்போதும் அதையே பயன்படுத்துவது வசதி என்பதற்காக. ஆக, ஆடியில் டேட்டாபேஸுக்குப் போன வாக்கியம் தமிழில் எழுதினால் இப்படி இருந்திருக்கும்:

அப்டேட் கடன் செட் நிலுவை = 48000, வட்டி_விகிதம் = 1.5, வண்டி_எண் = ..., தொடர்பு_எண் = (புதியது) வேர் கடன்_எண் = ...

நான் மாற்றியது தொடர்பு எண்ணை. அதோடு சேர்ந்து பழைய நிலுவையும் ஏறிவிட்டது. புரொசீஜர் அரை நொடிக்கு முன்னால் எழுதிய 44,720 அழிந்தது. போன் நம்பர் மாறாத மாதங்களில் ஒப்பிட்டுப் பார்த்து வித்தியாசம் இல்லை என்று ஹைபர்நேட் சும்மா இருந்துவிடும், கணக்கும் சரியாக இருக்கும். அந்த அம்மா ஆடி மாதத்தில் சிம் மாற்றியிருக்கிறார். அதற்கான தண்டனை 3,280 ரூபாய், அதன் மேல் மாதம் ஒன்றரை வட்டியோடு ஏழு மாதத்தில் 3,640.

அட்டவணை டேபிளும் பேரேடும் வேறு டேபிள்கள். அவற்றின் ஆப்ஜெக்டை நான் எடுக்கவே இல்லை, அதனால் அவை தப்பின. தவணை கட்டியாயிற்று என்று அட்டவணை சரியாகக் காட்டியதால்தான் பாக்கி நோட்டீஸ் எதுவும் போகவில்லை, ஏழு மாதம் யாருக்கும் தெரியவும் இல்லை. அட்டவணையும் சேர்ந்து அழிந்திருந்தால் அடுத்த வாரமே பிடிபட்டிருக்கும்.

இந்த வகைத் தப்புக்கு லாஸ்ட் அப்டேட் என்று பெயர் உண்டு. வழக்கமாகப் புத்தகங்களில் சொல்லும் உதாரணத்தில் இரண்டு பேர் ஒரே ரெக்கார்டை ஒரே நேரத்தில் மாற்றுவார்கள். இங்கே ஒரே ஆள், ஒரே கனெக்ஷன், ஒரே டிரான்ஸாக்ஷன். டேட்டாபேஸின் எந்தப் பூட்டும் இதைத் தடுக்காது, ஏனென்றால் அதன் கண்ணுக்கு இது ஒருவரே இரண்டு முறை எழுதுவது.

என்ன செய்தோம்

உடனடியாகச் செய்தது இரண்டு வரி. புரொசீஜருக்கு முன்னால் ஃப்ளஷ், பின்னால் ரெஃப்ரெஷ். முன்னால் ஃப்ளஷ் செய்வது, நாம் ஆப்ஜெக்டில் மாற்றி வைத்திருப்பதைப் புரொசீஜர் பார்க்கட்டும் என்பதற்காக. இல்லாவிட்டால் அது டேபிளில் இருக்கும் பழைய மதிப்பை வைத்துக் கணக்குப் போடும். ஹைபர்நேட் தானாக ஃப்ளஷ் செய்யுமா என்பது எந்த வழியாகக் கூப்பிடுகிறோம், எந்த வெர்ஷன் என்பதைப் பொறுத்து மாறும். நான் அதை நம்பி உட்காருவதில்லை, கையால் எழுதிவிடுவேன். பின்னால் ரெஃப்ரெஷ் செய்தால் அந்த ஆப்ஜெக்ட் டேட்டாபேஸிலிருந்து புதிதாக நிரப்பப்படும். புரொசீஜர் எதையெல்லாம் மாற்றும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் செஷனையே கிளியர் செய்துவிடலாம். கொஞ்சம் முரட்டுத்தனம், ஆனால் பாதுகாப்பு.

இதில் எனக்கு ஒரு மனக்குறை. இந்த இரண்டு வரியையும் எழுத மறக்கும் அடுத்த ஆள் நிச்சயம் வருவார். அது அடுத்த வருடத்து நானாகவும் இருக்கலாம். மறந்தால் தானாகத் தடுக்கிற ஏற்பாடு வேண்டும்.

மாறிய ஃபீல்டை மட்டும் எழுது என்று சொல்ல ஹைபர்நேட்டில் டைனமிக் அப்டேட் என்று ஒரு குறி இருக்கிறது. பலரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு இது பாதி மருந்தாகத்தான் படுகிறது. போன் நம்பர் விஷயத்தில் காப்பாற்றும். ஆனால் யாராவது பழைய ஆப்ஜெக்டின் நிலுவையை எடுத்து, அதிலிருந்து ஒரு தொகையைக் கழித்துத் திரும்ப வைத்தால், அதுவும் மாறிய ஃபீல்டுதான், தாராளமாக எழுதிவிடும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது வேறு. நிலுவை, கட்டிய வட்டி, கட்டிய அபராதம் ஆகிய மூன்று ஃபீல்டுக்கும் புரொசீஜர்தான் சொந்தக்காரர் என்று முடிவு செய்தோம். ஜேபிஏவில் ஒரு ஃபீல்டைப் படிக்க மட்டும், சேர்க்கவோ மாற்றவோ கூடாது என்று குறித்துவிடலாம். குறித்துவிட்டால் ஹைபர்நேட் தயாரிக்கும் அப்டேட் வாக்கியத்தில் அந்த ஃபீல்டின் பெயரே வராது. செட்டரையும் எடுத்துவிட்டோம். இனி யாராவது ரெஃப்ரெஷ் மறந்தால் திரையில் பழைய எண் தெரியலாம், டேட்டாபேஸ் கெடாது.

கூடவே சார் தன் பக்கத்திலிருந்து ஒன்று செய்தார். பன்னிரண்டு வருடம் தொடாத புரொசீஜரில் ஒரு வரி சேர்க்க ஒப்புக்கொண்டார். கடன் டேபிளில் வெர்ஷன் என்று ஒரு எண் ஃபீல்டு வைத்தோம். ஹைபர்நேட் ஒவ்வொரு முறை எழுதும்போதும் நான் படித்தபோது இருந்த வெர்ஷன் இன்னும் இருந்தால் மட்டும் எழுது என்று நிபந்தனை போடும். இதில் எல்லாரும் கோட்டை விடுவது, புரொசீஜரும் அந்த எண்ணை ஒன்று கூட்ட வேண்டும் என்பதில். கூட்டாவிட்டால் வெர்ஷன் இருந்தும் பயனில்லை. கூட்டினால், பழைய நகலை வைத்துக்கொண்டு ஹைபர்நேட் எழுத வரும்போது எந்த ரெக்கார்டும் பொருந்தாது, எக்ஸெப்ஷன் வெடிக்கும், புரொசீஜர் செய்தது உட்பட மொத்த டிரான்ஸாக்ஷனும் ரோல்பேக் ஆகும். கவுன்ட்டரில் ஒருவர் எரிச்சலடைவார். ஏழு மாதம் கழித்து ஒரு அம்மா கவரைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை அலைவதை விட அது தேவலை.

இவ்வளவு தொல்லை என்றால் புரொசீஜரை எல்லாம் தூக்கிவிட்டு ஜாவாவிலேயே எழுதிவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மாதக் கடைசியில் எல்லாக் கடனுக்கும் வட்டி ஏற்றுவதை ஓஆர்எம்மில் செய்தால் ஒவ்வொரு கடனையும் ஆப்ஜெக்டாக்கி, நெட்வொர்க் வழியாகக் கொண்டுவந்து, திருப்பி அனுப்ப வேண்டும். புரொசீஜர் அதை இருந்த இடத்திலேயே நாலு வாக்கியத்தில் முடிக்கும். அதோடு, ஒரே விதியை இரண்டு மென்பொருள் பயன்படுத்தும்போது அந்த விதி இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருப்பதுதான் சரி.

மற்ற கருவிகளில்

பைதான்காரர்கள் சிரிக்க வேண்டாம். ஜாங்கோவில் சேவ் கூப்பிட்டால் அதுவும் எல்லா ஃபீல்டையும்தான் எழுதும். எந்தெந்த ஃபீல்டு என்று சொன்னால் மட்டும் குறைத்துக்கொள்ளும். செஷன் பட்டியல் அங்கே இல்லை, அதனால் மறுபடி எடுத்தால் புது மதிப்பு கிடைக்கும். ஆனால் கையில் இருக்கும் பழைய ஆப்ஜெக்டில் சேவ் கூப்பிட்டால் இதே விபத்துதான். 1.8 வெர்ஷனில் வந்த ரெஃப்ரெஷ் ஃப்ரம் டிபி இதற்குத்தான்.

எஸ்கியூஎல் ஆல்கெமியும் டாட்நெட்டின் என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோரும் மாறிய ஃபீல்டை மட்டும் எழுதும், அந்த விதத்தில் நல்ல பிள்ளைகள். ஆனால் இரண்டிலும் செஷன் பட்டியல் உண்டு. மறுபடி க்வெரி ஓட்டினால் பழைய ஆப்ஜெக்டையே நீட்டும் பழக்கமும் உண்டு. முன்னதில் எக்ஸ்பயர் அல்லது ரெஃப்ரெஷ், பின்னதில் ரீலோட்.

கமிட் போடும் புரொசீஜர்

இன்னொரு கண்ணிவெடி. சாரின் பழைய புரொசீஜர்களில் இரண்டு, கடைசி வரியில் தானே கமிட் போட்டுக்கொள்பவை. தனியாக ஓடிய காலத்தில் அது சரி. ஓஆர்எம் நடுவில் கூப்பிட்டால், அதற்கு முன் நாம் ஃப்ளஷ் செய்தது எல்லாம் சேர்ந்து கமிட் ஆகிவிடும். பிறகு ஜாவாவில் பிழை வந்து ரோல்பேக் சொன்னால், திரும்பிப் போக ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆரக்கிள் இதைத் தடுக்காது.

பிற்பாடு இதே மென்பொருளைப் போஸ்ட்கிரெஸுக்கு மாற்றினோம். அங்கே 2018ல் வந்த 11ஆம் வெர்ஷன் வரை ஃபங்ஷன் மட்டும்தான் இருந்தது, கால் சொல்லிக் கூப்பிடும் உண்மையான புரொசீஜர் கிடையாது. 11க்குப் பிறகு புரொசீஜருக்குள் கமிட் போடலாம், ஆனால் ஏற்கெனவே ஒருவர் டிரான்ஸாக்ஷன் தொடங்கியிருந்தால் செல்லாத கமிட் என்று பிழை கொடுத்து மறுத்துவிடும். ஓஆர்எம் எப்போதும் டிரான்ஸாக்ஷன் தொடங்கிவிட்டுத்தான் வரும் என்பதால், கமிட் போடும் புரொசீஜர் அங்கே ஓடவே ஓடாது. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த மறுப்புதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதோடு, போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவர் இயல்பாக கால் என்பதை செலக்ட் ஆக மாற்றி அனுப்பும், பழைய ஃபங்ஷன் காலத்துப் பழக்கம். இது புரொசீஜர், கால் பயன்படுத்து என்று பிழை வந்தால் குழம்ப வேண்டாம். கனெக்ஷன் அமைப்பில் எஸ்கேப் சின்டாக்ஸ் கால் மோட் என்று ஒன்று இருக்கிறது, அதை மாற்றினால் சரியாகும்.

டெஸ்ட் எதுவும் இதைப் பிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். டெஸ்ட் இருந்தது, பச்சையாகவும் இருந்தது. எச்2 என்ற நினைவக டேட்டாபேஸில் ஓட்டினோம். அதற்கு ஆரக்கிளின் பிஎல் எஸ்கியூஎல் தெரியாது, அதனால் புரொசீஜருக்குப் பதிலாக ஒரு பொம்மையை வைத்திருந்தேன். பொம்மை ஒரு ரசீது எண்ணைத் திருப்பிக் கொடுக்கும், எந்த டேபிளையும் தொடாது. தொடாத பொம்மையின் மாற்றத்தை ஹைபர்நேட் எப்படி அழிக்கும்? இப்போது டாக்கரில் நிஜ டேட்டாபேஸை ஏற்றி, கட்டிய பிறகு வேறொரு செஷனில் நிலுவையைப் படித்துப் பார்க்கிறோம்.

கணக்குகளைத் திருத்துவது நினைத்ததை விடச் சிக்கலாக இருந்தது. பேரேட்டில் விழுந்த அசலைக் கூட்டி நிலுவையைச் சரி செய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அந்த அம்மா கணக்கில் 48,000ல் இரண்டு 3,280 போனால் 41,440. ஆனால் ஆவணியின் 3,280யே தப்பு. அதிகமாகப் போட்ட வட்டி 49 ரூபாய் 20 பைசாவும் அசலில் கழிந்திருக்க வேண்டும், சரியான நிலுவை 41,390 ரூபாய் 80 பைசா. அடுத்த ஒவ்வொரு மாதமும் இப்படியே. ஆகவே பாதித்த ஒவ்வொரு கடனுக்கும் தப்பு நடந்த தேதியிலிருந்து எல்லாத் தவணையையும் வரிசையாக மறுபடி ஓட்டி, பேரேட்டில் திருத்தப் பதிவு போட்டோம். எந்தெந்தக் கடன் பாதித்தது என்று கண்டுபிடிப்பது மட்டும் எளிது. கொடுத்த கடனிலிருந்து பேரேட்டில் விழுந்த அசலைக் கழித்து, கடன் டேபிளின் நிலுவையோடு ஒப்பிட்டால் போதும். சார் அந்த செலக்ட்டை ஒரு புரொசீஜராக எழுதி, தினமும் இரவு ஓட வைத்துவிட்டார். வித்தியாசம் இருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் மெயில் வரும்.

அந்த அம்மாவிடம் கிளை மேலாளரே பேசி, சரியான தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு அன்றே என்ஓசி கொடுத்தாராம். இரண்டு ரசீதையும் நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, எடுத்துக்கோங்க, ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்துடுங்க என்றாராம்.